பிரசங்க மேடையும் குருதிப் பரிசோதனையும்

மதகுருமாருக்குப் பயிற்சியளித்து, அவர்கள் வாயிலாக மக்களை எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் உளவளத்துணைக்கும் வரச்செய்யலாம் என்னும் கருத்து இன்று பொதுச் சுகாதாரத் துறையினரிடையே ஏறத்தாழ ஒரு வாய்பாடாகிவிட்டது. வாய்பாடாகிவிட்ட எக்கருத்தும் மீள்பரிசீலனைக்குரியது. சென்ற ஆண்டு எமது கலைப்பீட மாணவர் சிலர் கூடியிருந்த ஒரு மாலையில் இவ்விடயம் எழுந்தபோது இரு வேறு குரல்கள் ஒலித்தன. "நோயைப் பாவத்தின் பயன் என்று போதித்தவர்களிடமே நோயாளியைக் கொண்டுபோய் ஒப்படைப்பதா?" என்று ஒரு நண்பர் வெகுண்டார். "ஊர் கேட்கும் வாய் அவர்களுடைய வாய்தான், இரண்டு நாட் கருத்தரங்கு ஒன்றை வைத்துச் சான்றிதழும் வழங்கினால் வேலை முடிந்தது" என்றார் மற்றொருவர்.

இவ்விருவரையும் மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். முன்னவரின் கோபத்தில் நியாயம் உண்டு. பின்னவரின் நம்பிக்கையிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் இருவரும் ஒரே தவற்றைச் செய்கின்றனர். மதகுருவை இருவருமே வெறும் வாயாகக் காண்கின்றனர். அவ்வாய் தீயது என்கிறார் ஒருவர். பயன்படத்தக்கது என்கிறார் மற்றவர். அவருடைய செவியைப் பற்றியும், கேட்டதை வெளிவிடாது பூட்டிவைக்கும் நெஞ்சைப் பற்றியும் அன்று எவரும் பேசவில்லை. பரிசோதனைக்குப் போ என்று சொல்வதற்குப் பயிற்சி வேண்டியதில்லை, ஒலிபெருக்கி போதும். போய்வந்தவனை எவ்வாறு ஏற்பது, அவன் சொன்னதை எவ்வாறு காப்பது என்பவற்றுக்கே பயிற்சி வேண்டும். இவ்விரண்டையும் கற்பிக்காத பயிற்சி பயனற்றது என்று மட்டும் சொல்லி நான் அமையமாட்டேன். அது தீங்கானது என்பதே என் வாதம்.

இத்துறையில் மிக முன்னதாகவும் மிக ஆழமாகவும் அனுபவம் பெற்ற நாடு உகண்டா. 1990களின் தொடக்கத்தில் கம்பாலா நகரின் சில சிகிச்சை நிலையங்களுக்கு வந்த கர்ப்பிணிகளுள் நூற்றுக்கு 30 அளவினர் இக்கிருமியின் தொற்றுக்கு ஆளாகியிருந்தனர். அத்தகையதொரு சமூகத்தில், 1988ஆம் ஆண்டில் உருவான உகண்டா இஸ்லாமிய மருத்துவர் சங்கம், நாட்டின் முஸ்லிம் தலைமையை அணுகி, எயிட்ஸுக்கு எதிரான முயற்சியை ஒரு 'ஜிஹாத்' ஆக, அதாவது சமயக் கடமையாகக் கொள்ளுமாறு வேண்டியது. 1992ஆம் ஆண்டு முதல் இமாம்களும் அவர்தம் உதவியாளரும் தொண்டர்களும் பயிற்சி பெற்று வீடு வீடாகச் செல்லலாயினர். ஐக்கிய நாடுகளின் எயிட்ஸ் அமைப்பு 1998ஆம் ஆண்டில் இம்முயற்சியைப் பிறர் பின்பற்றத்தக்க முன்மாதிரியெனத் தனி வெளியீடாகவே பதிப்பித்தது.

இம்முயற்சியில் எம் கவனத்துக்குரியது எண்ணிக்கையன்று. பயிற்சியின் பொருள் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதே கவனத்துக்குரியது. டாக்டர் மகிட் ககிமு முதலிய மருத்துவர்கள் இமாம்களிடம் சென்று ஒழுக்கம் பற்றிச் சொற்பொழிவாற்றுமாறு மட்டும் கேட்கவில்லை. சமூகத்தின் சமயச் சடங்குகளையே அவர்கள் எடுத்துக்கொண்டனர். விருத்தசேதனத்தின்போது பல சிறுவர்க்கு ஒரே சவரக்கத்தியைப் பயன்படுத்துதல், இறந்தோரின் உடலைக் கையுறையின்றி நீராட்டுதல் ஆகியவற்றில் அடங்கிய அபாயம் விளக்கப்பட்டது. இமாம் தம் கையாற் செய்யும் காரியத்திலேயே நோய் நுழையும் வழி உண்டென்று அறிந்தபோது, அது யாரோ ஒழுக்கம் கெட்டவனுடைய நோய் என்னும் எண்ணம் தானாகவே ஆட்டங்கண்டது. குற்றம் சாட்டுவோரின் இடத்திலிருந்து அவர் இறங்கிவர வேண்டியதாயிற்று.

ஆணுறை பற்றிய பகுதி தொடக்கத்தில் அப்பயிற்சியில் இடம்பெறவில்லை. சமயத் தலைவர்கள் அதனை எதிர்த்தனர். மருத்துவர்கள் அவர்களோடு முறித்துக்கொள்ளவுமில்லை, உண்மையை மறைக்கவுமில்லை. நீண்ட விவாதங்களின் பின்னரே, வேறு வழி கைகூடாதவிடத்துப் பொறுப்போடு பயன்படுத்துதல் என்ற அளவில் அது பாடத்திற் சேர்க்கப்பட்டது. இதனைச் சமரசம் என்று எமது முதலாவது நண்பர் பழிக்கக்கூடும். இருநாட் கருத்தரங்கு ஒன்றிலே இம்மாற்றம் நிகழ்ந்திருக்குமா என்று இரண்டாவது நண்பரை நான் கேட்பேன்.

உகண்டாவிலேயே கிறித்தவரிடையே எழுந்த வேறொரு குரலையும் இங்கு நோக்குதல் தகும். அங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்த குருவானவர் கிடியோன் பியமுகிஷாவின் மனைவி 1991ஆம் ஆண்டில் மரணமானார். மரணத்தின் காரணம் பின்னரே அவருக்குத் தெரியவந்தது. தாமும் பரிசோதனை செய்துகொண்டார். தொற்று இருப்பதை அறிந்தார். 1992ஆம் ஆண்டில் அதனைப் பகிரங்கமாகக் கூறினார். ஆபிரிக்கக் கண்டத்தில் இவ்வாறு வெளிப்படையாகக் கூறிய முதலாவது சமயத் தலைவர் அவரே எனப்படுகின்றார். அக்காலத்தில் அவ்வாறு கூறுவதனாற் கிடைக்கக்கூடிய மருந்து எதுவும் அவருக்கு இருக்கவில்லை. பயன்தரும் கூட்டு மருந்துச் சிகிச்சையே 1996ஆம் ஆண்டளவில்தான் உலகிற்கு அறிமுகமாயிற்று. ஏழை நாடுகளை அது வந்தடைய மேலும் பல ஆண்டுகள் சென்றன. இழப்பதற்குப் பதவியும் மானமும் இருக்க, பெறுவதற்கு ஒன்றுமில்லாத நிலையில் அவர் பேசினார்.

பின்னர் தொற்றுள்ளவரும் தொற்றினாற் பாதிக்கப்பட்டவருமான சமயத் தலைவர்களின் ஆபிரிக்க வலையமைப்பொன்று தோன்றியதில் அவருக்கு முக்கிய பங்குண்டு. அவ்வமைப்பினர் அக்காலத்திற் புகழ்பெற்றிருந்த மூன்றெழுத்து வாய்பாட்டை, அதாவது விலகியிரு, ஒருவரோடு ஒழுகு, இயலாவிடின் ஆணுறை அணி என்பதனை, ஏற்க மறுத்தனர். அவ்வாய்பாட்டில் ஒழுக்கத்தின் படிநிலை ஒன்று மறைந்துள்ளது. நோய் கண்டவன் எந்தப் படியிலிருந்து வழுக்கினான் என்று கேட்கும் உரிமையை அது ஊருக்கு வழங்கிவிடுகின்றது. கணவனோடு மட்டும் வாழ்ந்து தொற்றுக்கு ஆளான பெண்ணுக்கு அவ்வாய்பாடு என்ன விடை தரும்? ஆதலின், பாதுகாப்பான நடைமுறைகள், கிடைக்கக்கூடிய மருந்துகள், தன்விருப்பிலான உளவளத்துணையும் பரிசோதனையும், அறிவூட்டி வலுவூட்டல் என்பவற்றை அவர்கள் முன்வைத்தனர். 'தன்விருப்பு' என்ற சொல்லை வாசகர் மனத்திற் கொள்ள வேண்டும். மேல் வரும் வாதம் அச்சொல்லையே பற்றி நிற்கின்றது.

நைஜீரியா இவ்விடயத்தில் எமக்கு இரு முகங்களைக் காட்டுகின்றது. அந்நாட்டின் எனுகு மாநிலத்தில் 40 தேவாலயங்களை மையமாகக்கொண்டு நிகழ்ந்த ஆய்வொன்றின் முடிவுகள் 2015ஆம் ஆண்டில் வெளியாயின. ஞாயிறு வழிபாட்டின்போது குருவானவர் கர்ப்பிணிகளை முன்னே அழைத்து ஆசி கூறுவார். பின்னர், பிறக்கவிருக்கும் குழந்தையின் பொருட்டு ஆலயத்திலேயே ஒரு கொண்டாட்டம். எம்மவர் வளைகாப்பை நினைத்துக்கொள்ளலாம். அக்கொண்டாட்டத்தில் வேறு சில குருதிச் சோதனைகளோடு சேர்த்தே எச்.ஐ.வி. சோதனையும் நடத்தப்பட்டது. வந்தவள் எதற்காக வந்தாள் என்று பக்கத்தில் இருப்பவளாற் கூற முடியாது. இவ்வேற்பாடு செய்யப்பட்ட ஆலயங்களைச் சார்ந்த பெண்களுள் நூற்றுக்கு 92 பேர் பரிசோதிக்கப்பட்டனர்; வழமையான முறையில் விடப்பட்ட ஆலயங்களில் இத்தொகை நூற்றுக்கு 55. தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றும் வாய்ப்பு, தடுப்பு எதுவுமின்றேல் நூற்றுக்கு 15 முதல் 45 வரை என்றும், உரிய சிகிச்சையால் அதனை 5க்குக் கீழே கொணரலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுவதை இதனோடு இணைத்து நோக்கினால், 92க்கும் 55க்கும் இடையிலுள்ள தொலைவு எத்தனை குழந்தைகளின் தொலைவு என்பது விளங்கும். மதகுருவை அருகில் அண்டவிடாதீர் என்னும் நண்பர் இத்தொலைவுக்கு விடைகூறக் கடமைப்பட்டவர்.

மறுமுகமும் அதே நாட்டிலேதான் உள்ளது. திருமணத்திற்கு முன்னர் மணமக்கள் எச்.ஐ.வி. சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்று அங்குள்ள திருச்சபைகள் பல விதித்துள்ளன. மேலெழுந்தவாரியாக நோக்குவோர்க்கு இதுவும் பரிசோதனையை ஊக்குவித்தலே. இன்னும் சொன்னால் மிக வெற்றிகரமான ஊக்குவித்தல். ஆனால் இங்கு நிகழ்வது என்ன? ஒப்புதல் என்பது பெயரளவினதாகின்றது; மறுப்பவருக்குத் திருமணம் இல்லை. பரிசோதனையின் முடிவு, உரியவர் கைக்கு வருமுன்னரே குருவானவரின் மேசைக்குச் சென்று சேரும் வழக்கமும் பதிவாகியுள்ளது. நாள் குறித்த திருமணம் நின்றால் ஊருக்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஒரு பெண்ணின் குருதி அவளைப் பற்றி ஊருக்குச் சாட்சி சொல்லிவிடுகின்றது.

எச்.ஐ.வி. பரிசோதனைக்கு உலக சுகாதார நிறுவனம் ஐந்து நிபந்தனைகளை வகுத்துள்ளது. ஒப்புதல், இரகசியம் பேணல், உளவளத்துணை, பிழையற்ற முடிவு, சிகிச்சையோடும் தடுப்புச் சேவையோடும் இணைத்தல் என்பன அவை. சான்றிதழ் கேட்கும் குருவானவர் இவற்றுள் முதலிரண்டையும் மீறுகின்றார். மூன்றாவதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. ஐந்தாவது அவருடைய வேலையன்று என்று கருதுகின்றார். நான்காவது ஒன்றே எஞ்சுகின்றது. தொற்றின் தொடக்க வாரங்களில் பரிசோதனை அதனைக் காட்டாதுவிடலாம் என்பதை அறிந்தோர்க்கு அதுவும் முழுமையன்று என்பது தெரியும். அன்றியும், ஒழுங்காக மருந்துட்கொண்டு குருதியிற் கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலையை அடைந்தவரிடமிருந்து பாலுறவு வழியாகத் தொற்று ஏற்படுவதில்லை என்பது 2019ஆம் ஆண்டளவில் விரிந்த ஆய்வுகளால் நிறுவப்பட்டுவிட்டது. பியமுகிஷா தொற்றுள்ள பெண்ணொருவரையே மறுமணம் செய்து, தொற்றற்ற குழந்தைகளுக்குத் தந்தையானவர். திருமணத்தை நிறுத்தும் சான்றிதழ் எந்த மருத்துவத்தின்மேல் நிற்கின்றது என்பதை அதனைக் கேட்போரே விளக்கட்டும்.

இவ்விரு முகங்களிலும் பங்குபற்றியோர் ஒரே வகையான குருமார். ஒரே வேதம், ஒரே மேடை. வேறுபாடு எங்குள்ளது? முதலாவதில் முடிவு அப்பெண்ணின் உடைமை. இரண்டாவதில் அது சபையின் உடைமை. பயிற்சியென்று எதையேனும் அழைப்பதாயின், இவ்வேறுபாட்டை மதகுருவின் உள்ளத்திற் பதிப்பதையே நான் அவ்வாறு அழைப்பேன்.

பணத்தைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். மதத்தின் பெயரால் நிகழும் காரியங்களில் அதனை விட்டுவிடுதல் எம் துறையினர்க்கு அழகன்று. 2003ஆம் ஆண்டில் அமெரிக்கா தொடக்கிய பெருந்திட்டம் இலட்சக்கணக்கானோரின் உயிரைக் காத்த மருந்துகளை ஆபிரிக்காவுக்கு அனுப்பியது. இதனை மறைத்தல் நேர்மையாகாது. ஆனால் அதனை உருவாக்கிய சட்டமே, தடுப்புக்கான நிதியில் மூன்றிலொரு பங்கு திருமணம்வரை விலகியிருத்தலைப் போதிக்கும் நிகழ்ச்சிகளுக்குச் செலவிடப்பட வேண்டும் என்று விதித்திருந்தது. 2008ஆம் ஆண்டில் அவ்விதி தளர்த்தப்படும்வரை, மதகுருவின் செவியைத் திருத்துவதற்கன்றி அவருடைய பழைய வாயை மேலும் உரப்பாக்குவதற்கே அந்நிதியின் ஒரு பகுதி பயன்பட்டது. 2025 ஜனவரியில் அதே அரசு வெளிநாட்டு உதவியைத் திடீரென நிறுத்திவைத்தபோது பல நாடுகளிற் சிகிச்சை நிலையங்கள் தடுமாறின; உளவளத்துணையாளரும் தொண்டர்களும் வேலையிழந்தனர். பள்ளிவாசலும் தேவாலயமும் அவ்வாறு மூடப்படுவதில்லை என்பது உண்மையே. இரண்டாவது நண்பரின் பக்கத்திலுள்ள மிக வலிய வாதம் இதுவென்று ஒப்புக்கொள்கிறேன்; அவர் அதனைச் சொல்லவில்லை என்பது வேறு விடயம்.

எஞ்சி நிற்பது எது என்பதோடு, அது எத்தகையதாக எஞ்சி நிற்கின்றது என்பதும் வினாவே. இமாம்களின் முயற்சிக்கும் பியமுகிஷாவின் துணிவுக்கும் தாயகமான அதே உகண்டாவில், 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒருபாலுறவுக்கு எதிரான கடுஞ்சட்டம் நடைமுறைக்கு வந்தது. நாட்டின் முதன்மையான சமயத் தலைவர்கள் அதனை வரவேற்றனர். ஐயத்துக்குரியோரை அதிகாரிகளுக்கு அறிவித்தலை அச்சட்டம் கடமையாக்கியிருந்தது. 2024 ஏப்ரலில் அரசியலமைப்பு நீதிமன்றம் அப்பிரிவு உட்படச் சிலவற்றை நீக்கியது. சட்டத்தின் பெரும்பகுதி நிலைத்தது. பரிசோதனைக்கு வா என்று வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அழைக்கும் வாய், வருபவனுள் ஒரு சாராரைச் சிறைக்கு அனுப்பும் சட்டத்தைப் போற்றுமாயின், அவன் எந்த அழைப்பை நம்புவான்? முப்பது ஆண்டுக்காலப் பயிற்சி தொடாதுவிட்ட இடம் இது. முதலாவது நண்பர் இவ்விடத்தில் என்னை நோக்கிச் சிரிப்பார். சிரிக்கட்டும், நான் மறுக்கவில்லை.

இனி எமது நாட்டை நோக்குவோம். இங்கு நோயின் பரவல் உகண்டாவோடு ஒப்பிடத்தக்கதன்று, மிகக் குறைவு. தாயிடமிருந்து சேய்க்கு இக்கிருமி தொற்றுவதை ஒழித்த நாடென 2019ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்தது. இதனைச் சாதித்தது எந்த மேடையுமன்று. கர்ப்பிணிகள் அனைவரையும் சென்றடையும் பொதுச் சுகாதாரச் சேவையும், கிராமங்களிற் கால்நடையாகத் திரியும் குடும்பநல உத்தியோகத்தருமே இதனைச் சாதித்தனர். அப்படியாயின் மதகுரு எதற்கு? நியாயமான கேள்வி.

2016ஆம் ஆண்டில் குளியாப்பிட்டிப் பகுதியில் நடந்தது இதற்கு விடை. தந்தை எயிட்ஸினால் இறந்தார் என்ற வதந்தியின்பேரில் ஒரு சிறுவனுக்குப் பாடசாலை மறுக்கப்பட்டது. பரிசோதனை செய்யப்பட்டது, சிறுவனுக்குத் தொற்று இல்லை. அம்முடிவும் உதவவில்லை. ஏனைய பெற்றோர் தம் பிள்ளைகளை வகுப்பிலிருந்து அழைத்துச்சென்றனர். எச்.ஐ.வி. உள்ளோர்க்கும் கல்வியுரிமை உண்டென்பதை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு உறுதிப்படுத்த நேர்ந்தது. தொற்று இல்லை என்ற மருத்துவச் சான்றையே ஊர் ஏற்காதபோது, தொற்று உண்டென்ற சான்றோடு ஒருவர் எங்கே போவார்? குடும்பநல உத்தியோகத்தர் தாயிடம் செல்லலாம். நீதிமன்றம் அதிபருக்குக் கட்டளையிடலாம். அப்பெற்றோரின் அச்சத்தோடு பேசுவதற்கு எவர் இருந்தார்? போயா தினத்தில் விகாரைக்குச் செல்லாதவர் அவர்களுள் எத்தனை பேர் இருந்திருப்பர்?

எம் நாட்டில் ஆயிரக்கணக்கானோர் இப்பரிசோதனையை முதன்முதலிற் சந்திப்பது எங்கே என்பதையும் மறத்தலாகாது. வளைகுடா நாடுகளுக்குப் பணிப்பெண்களாகவும் தொழிலாளராகவும் செல்வோர் பயணத்திற்கு முன்னரே கட்டாயப் பரிசோதனைக்கு உட்படுகின்றனர். தொற்று இருப்பின் 'தகுதியற்றவர்' என்ற ஒரு சொல்லோடு வாயில் அடைபடுகின்றது. அவர்களைப் பொறுத்தவரை பரிசோதனை என்பது உதவியன்று, தீர்ப்பு. இவ்வனுபவத்தோடு ஊர் திரும்பும் பெண்ணிடம் திருமணச் சான்றிதழைப் பற்றி மதகுருவும் பேசத் தொடங்கினால், முகவர் நிலையத்துக்கும் வழிபாட்டிடத்துக்கும் அவள் வேறுபாடு காணமாட்டாள்.

சைவர்களாகிய எம்மில் யாரைப் பயிற்றுவது என்பதும் எளிய வினாவன்று. இமாமைப்போலவோ பங்குத் தந்தையைப்போலவோ எமது கோயிற் குருக்கள் ஊரவரின் அந்தரங்கத்தைக் கேட்பவரல்லர். பூசை முடிந்ததும் அவர் போய்விடுவார். யார் உள்ளே வரலாம், யாருடைய உபயம் ஏற்கத்தக்கது என்று தீர்மானிப்போர் தர்மகர்த்தா சபையினர். இது வினைப்பயன் என்று திருவிழா மேடையில் முழங்குபவர் சொற்பொழிவாளர். குருக்களை மண்டபமொன்றுக்கு அழைத்துப் புகைப்படம் எடுத்து அறிக்கை அனுப்புவோர் எமது சமூகத்தின் அமைப்பையே அறியாதவர்.

தாய்லாந்தின் சியாங்மாய் நகரில் 1997ஆம் ஆண்டு பிக்குகள் தொடக்கிய இயக்கமொன்று உண்டு. 'சங்க மெத்தா' என்பது அதன் பெயர். பயிற்சி பெற்ற பிக்குகள், தொற்றுள்ளவர் தம் கையாற் சமைத்த உணவைத் தானமாக ஏற்று, ஊர் பார்த்திருக்க உண்டனர். பேச்சுக்கு அங்கு இடமே இல்லை. எமது கோயில்களின் அன்னதான மடங்களில் பரிமாறுவோர் வரிசையில் அத்தகைய ஒருவரை நிறுத்தத் தர்மகர்த்தா சபை ஏதேனும் முன்வருமாயின், அச்சபையின் செயலாளரைப் பயிற்சிக்கு அழைப்பதில் எனக்கு யாதொரு ஆட்சேபமும் இல்லை.